நான்கு சிரட்டைக் கடல்நீரில் மின்னழுத்தம்: செய்து பார்ப்பது எப்படி

பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில் படகுகளுக்கு மின்வேலை செய்து வருகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மற்றவர்களுக்கு ஓய்வு, எனக்கு வேலை அதிகம். விசைப்படகுகள் நின்றதும் பேட்டரிகளைக் கழற்றிவந்து என் கொட்டகையில் வரிசையாக இறக்கிவிட்டுப் போவார்கள். இந்தத் தடைக்காலத்தில் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை. பேட்டரிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“மாமா, மின்னியக்கு விசை என்று போட்டிருக்கிறது. விசையை நியூட்டனில்தானே அளக்க வேண்டும்? இதை ஏன் வோல்ட்டில் அளக்கிறார்கள்?”

நல்ல கேள்வி. இதற்கு வாயால் பதில் சொன்னால் மறுநாளே மறந்துவிடும். கடலுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவா என்றேன். அன்று நாங்கள் இருவரும் செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

கடல்நீருக்கு முன் செல்லோடேப்

ஒரு சாண் நீளத்துக்கு செல்லோடேப் இரண்டு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசையில் ஒட்டுங்கள். அதன் முதுகில் மற்றொன்றை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மேசையிலிருந்து மெல்ல உரித்தெடுத்து விரலால் ஒருமுறை நீவிவிடுங்கள். பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றை வெடுக்கென்று பிரித்து, இரண்டு கைகளிலும் தொங்கவிட்டு, மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து வரும்.

பிரித்தபோது ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் எலக்ட்ரான்கள் போய்விட்டன. பெற்றது எதிர் மின்னூட்டம் கொண்டது, இழந்தது நேர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் மறுபடி சேரத் துடிக்கின்றன. நம் கரையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இந்த மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துபோகும். வெயில் ஏறிய பிறகு, வீட்டுக்குள், கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு செய்யுங்கள். முதல் தடவை வராவிட்டால் புதுத் துண்டு கிழித்துத் திரும்பச் செய்யுங்கள்.

சேரத் துடிக்கும் இரண்டையும் இன்னும் விலக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு வீணாகாமல் இரண்டுக்கும் இடையே சேமிப்பாக நிற்கிறது. ஒரு கூலூம் மின்னூட்டத்தின் பங்குக்கு எத்தனை ஜூல் உழைப்பு நிற்கிறது என்ற கணக்குத்தான் வோல்ட். ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட். ஒரு கூலூம் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள். செல்லோடேப்பில் பிரிந்திருப்பது அதில் தூசு அளவுகூட இல்லை. ஆனாலும் அதன் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் வரை ஏறக்கூடும். மின்னழுத்தம் என்பது மின்னூட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பிரிந்து நிற்பதில் ஒவ்வொரு கூலூமின் பங்குக்கும் எவ்வளவு உழைப்பு ஏறியிருக்கிறது என்பதையே சொல்கிறது. பிள்ளை இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்லோடேப்பைப் பிரித்தது நம் கை. ஒரு தடவை பிரித்தது, ஒரு தடவை சேர்ந்தது, கதை முடிந்தது. விளக்கு எரிய வேண்டுமென்றால், சேரச் சேர யாராவது மறுபடி பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னியக்கு விசை என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

பாம்பன் கால்வாயைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் தென்கடலிலிருந்து வடகடலுக்கு ஓடும். வாடை தொடங்கியதும் திரும்பிவிடும். காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி ஏற்றுகிறது, ஏறிய தண்ணீர் பாலத்தின் அடியில் பாய்ந்து மறுபக்கம் போகிறது. இரு கடல்களின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மின்னழுத்த வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தண்ணீர் மின்னோட்டம். மட்டம் சரிந்துவிடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் காற்றின் வேலைதான் மின்னியக்கு விசை. காற்று நின்றால் மட்டம் சமமாகும், ஓட்டமும் நிற்கும்.

சிரட்டைகள்

கண் இல்லாத பாதிச் சிரட்டைகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். செம்புக்கு, எர்த்திங் போடும் செம்புப் பட்டையை விரல் நீளத்துக்கு நான்கு துண்டு வெட்டினால் போதும். மோட்டார் சுற்றும் கம்பியையும் பயன்படுத்தலாம், ஆனால் அதன் மேலிருக்கும் எனாமலை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். துத்தநாகத்துக்கு நான் எடுத்தது படகின் அடியில் பொருத்துகிற துத்தநாகக் கட்டி. தடைக்காலத்தில் பாதி கரைந்த பழைய கட்டியைக் கழற்றிப் போடுவார்கள். அதை ரம்பத்தால் பட்டைகளாக அறுத்துக்கொண்டேன். அது கிடைக்காத ஊரில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெட்டிக்கொள்ளலாம். கட்டியைப் போல நீடித்து உழைக்காது, சோதனைக்குப் போதும். இரண்டு உலோகங்களையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

ஒரு சிரட்டையில் கடல்நீர் ஊற்றி, ஒரு ஓரத்தில் செம்பும் மறு ஓரத்தில் துத்தநாகமும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். மீட்டரை 2 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, சிவப்பு முனையைச் செம்பிலும் கறுப்பு முனையைத் துத்தநாகத்திலும் வையுங்கள். 0.7 முதல் 0.8 வோல்ட் வரை காட்டும். எங்களுக்கு 0.76 வந்தது.

உள்ளே நடப்பது இது. துத்தநாகத்தின் அணு தகட்டை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கும்போது இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அதனால் தகட்டில் எதிர் மின்னூட்டம் சேர்கிறது. செம்பின் பக்கம், கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் செம்பிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது, செம்பு நேர்முனை ஆகிறது. இது நிற்காமல் நடந்துவிடாது. துத்தநாகத்தில் எலக்ட்ரான்கள் சேரச் சேர, அவையே வெளியேறப் பார்க்கும் நேர் அயனிகளைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். வேதிவினையின் தள்ளலும் இந்த இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நின்றுவிடுகிறது. கம்பி எதுவும் இணைக்காதபோது மீட்டர் காட்டுவது அந்தச் சமநிலையைத்தான். அதுவே இந்தச் சிரட்டையின் மின்னியக்கு விசை.

இனி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். தகடுகளை நெருக்கி வையுங்கள், விலக்கி வையுங்கள்: வோல்ட் அசையாது. தகட்டின் பாதியைத் தண்ணீருக்கு மேலே தூக்குங்கள்: அப்போதும் ஏறத்தாழ அதேதான். துத்தநாகத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பையே வையுங்கள்: முள் சுழியத்துக்கு விழும். அளவையும் தூரத்தையும் பொறுத்தது அன்று இது. எந்த உலோகம், எந்த வினை என்பதைப் பொறுத்தது.

அடுத்து, கடல்நீரைக் கொட்டிவிட்டு வீட்டுக் குடிநீரை ஊற்றுங்கள். மீட்டர் கிட்டத்தட்ட முன்பு காட்டியதையே காட்டும். பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. கடல்நீரில் மின்சாரம் இருக்கிறது என்று இந்தக் கரையில் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உப்பு மின்சாரம் தருவதில்லை. உழைக்கிறது துத்தநாகம், கரைந்துபோவதும் அதுதான். உப்பின் வேலை, தண்ணீருக்குள் அயனிகள் தாராளமாக நடக்க வழிவிடுவது.

இப்போது நான்கு சிரட்டைகளிலும் கடல்நீர் ஊற்றி, முதல் சிரட்டையின் செம்பை இரண்டாவதின் துத்தநாகத்தோடு, இரண்டாவதின் செம்பை மூன்றாவதின் துத்தநாகத்தோடு என்று கம்பியால் தொடராக இணையுங்கள். மீட்டரை அடுத்த பெரிய அளவுக்கு மாற்றி, இரு கடைசி முனைகளிலும் வைத்தால் 3 வோல்ட்டை ஒட்டி வரும். வராவிட்டால் சிரட்டைகளுக்குக் கீழே பாருங்கள். மேசையில் தண்ணீர் சிந்தி ஒரு சிரட்டையையும் அடுத்ததையும் நனைத்து இணைத்திருக்கும். துடைத்து, காய்ந்த பலகைமேல் வையுங்கள். பிள்ளை ஒரே வாளியில் நான்கு ஜோடிகளையும் போட்டால் என்ன என்று கேட்டாள். போட்டுப் பார்த்தோம், மீட்டர் தடாலென்று இறங்கிவிட்டது. பிரித்து வைத்ததை எல்லாம் சுற்றிலும் இருக்கும் தண்ணீர் குறுக்கே சேர்த்துவிடுகிறது. கலத்துக்குக் கலம் சுவர் வேண்டும்.

இந்தச் சுவரை மன்னார் வளைகுடாவில் ஒரு மீன் கட்டி வைத்திருக்கிறது. வலையில் எப்போதாவது வரும் மின்சாரத் திருக்கையைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். அதன் உடலின் இரு பக்கங்களிலும் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வோல்ட்தான் கொடுக்கும். அடுக்கி வைத்ததால் அடி விழுகிறது. இத்தாலியரான வோல்ட்டா 1800-ஆம் ஆண்டு வெள்ளி வட்டும் துத்தநாக வட்டும் உப்புநீரில் நனைத்த அட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, முதல் மின்கல அடுக்கைச் செய்தார். அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதித் தெரிவித்தபோது, திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு ‘செயற்கை மின்னுறுப்பு’ என்றே குறிப்பிட்டார். நம் கடலில் நீந்துகிற மீனின் உறவுக்காரரைப் பார்த்துத்தான் உலகத்தின் முதல் பேட்டரி பிறந்தது என்று சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

பிள்ளையின் கேள்விக்கும் வோல்ட்டாவிடமே பதில் இருக்கிறது. மின்னூட்டங்களை இயக்குகிற ஏதோ ஒன்று என்ற பொருளில் அந்தப் பெயர் வந்த காலத்தில், விசை வேறு, ஆற்றல் வேறு என்று அறிவியலில் தெளிவாகப் பிரித்திருக்கவில்லை. பிரித்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அது ஒரு கூலூமைப் பிரித்து வைக்கச் செலவாகும் வேலை என்பதால் ஜூலைக் கூலூமால் வகுத்து வோல்ட்டில் சொல்கிறோம்.

விளக்கைக் கட்டினால் முள் இறங்குவது ஏன்

சிவப்பு எல்.இ.டி. ஒன்று எடுங்கள். நீளமான கால் செம்பின் பக்கம், குட்டைக் கால் துத்தநாகத்தின் பக்கம். இருட்டான மூலையில் வைத்துப் பாருங்கள், மங்கலாக எரியும். மீட்டரையும் கூடவே கட்டி வைத்திருங்கள். 3 வோல்ட் காட்டியது 1.7-க்கு இறங்கி நிற்கும். சிரட்டைகளின் மின்னியக்கு விசை எங்கும் போய்விடவில்லை. மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும், சிரட்டைக்கு உள்ளேயே ஒரு பங்கு செலவாகிறது. தண்ணீரின் ஊடே அயனிகள் நகர்வதற்கும், செம்பை ஆக்சிஜன் வந்து சேர்வதற்கும் ஆகிற செலவு அது. அகமின்தடை என்று புத்தகம் சொல்வதில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். எல்.இ.டி. எரியும்போது செம்புத் தகட்டின் அருகே தண்ணீரைச் சுத்தமான குச்சியால் கலக்குங்கள். வெளிச்சம் கூடும். புது ஆக்சிஜன் செம்பைத் தொடுவதால் வருகிற கூடுதல் அது. இப்போது குடிநீர் ஊற்றிய சிரட்டைகளை வைத்துப் பாருங்கள். மீட்டரில் வோல்ட் இருக்கும், எல்.இ.டி. எரியாது. பிள்ளை இரண்டையும் மாற்றி மாற்றி நான்கு தடவை வைத்துப் பார்த்தாள்.

பிரிக்கும் வேலையைச் செய்ய வேதிவினை ஒன்றுதான் வழி என்றில்லை. படகு எஞ்சினோடு சுழலும் டைனமோவில் காந்தப்புலம் அதைச் செய்கிறது. கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் வெயில் செய்கிறது. அங்கும் ஒரு சிலிக்கான் கலம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் தரும், அடுக்கித்தான் பெருக்குகிறார்கள். ஐப்பசி மழை மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதிக்கொண்டு மேலே நேரும் கீழே எதிருமாகப் பிரிந்து நிற்கின்றன. ஃபாரடே 1832-இல் தேம்ஸ் நதியின் ஓட்டத்திலேயே மின்னழுத்தம் பிறக்கிறதா என்று வாட்டர்லூ பாலத்திலிருந்து கம்பி இறக்கிப் பார்த்தார், அப்போது அளக்க முடியவில்லை. பாம்பனில் செய்யலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போவதால் இங்கே காந்தப்புலம் ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. குறுக்கே பிரிப்பதற்குச் செங்குத்தான புலம் வேண்டும்.

இதைப் பேட்டரியில் பயன்படுத்துவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக்கார அண்ணன் பேட்டரி கொண்டுவந்தார். மீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். ஆறு கலம், கலத்துக்கு 2.1 என்று கணக்கு சரியாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கடலில், படகை உந்தும் விசிறியில் சிக்கிய வலையை எடுப்பதற்காக எஞ்சினை நிறுத்தியவர்களால் மறுபடி கிளப்ப முடியவில்லை. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. டீசல், ஐஸ், ஆட்களின் அன்றைய கூலி எல்லாம் போயிற்று. அவர் கோபிக்கவில்லை. “12.6 காட்டியது என்றாயே தம்பி” என்று மட்டும் கேட்டார். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

சிரட்டையில் தகட்டைப் பாதி தூக்கியபோதும் வோல்ட் மாறாமல் நின்றது நினைவிருக்கிறதா? அந்தப் பேட்டரியிலும் அதுதான் நடந்திருந்தது. தகடுகளின் பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் ஈயமும் அமிலமும் அதே மின்னியக்கு விசையைக் காட்டிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைப்பது பாதிச் சோதனைகூட ஆகாது.

நான் இப்போது செய்வது இப்படி. சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா வைத்து, முதலில் அப்படியே அளந்து எழுதிக்கொள்கிறேன். பிறகு படகில் இணைத்து, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பார்க்கிறேன். நம் ஊர் வெப்பத்தில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 12.6-இல் இருந்த பேட்டரி 100 ஆம்பியர் இழுக்கும்போது 10.6-க்கு இறங்கினால், இழந்தது 2 வோல்ட், அகமின்தடை 0.02 ஓம். அதே 100 ஆம்பியருக்கு 6.6-க்கு விழுந்தால் 0.06 ஓம். இரண்டும் சும்மா இருக்கும்போது ஒரே எண்ணைக் காட்டியவைதான்.

விழுந்தது என்றதும் பேட்டரியைத் தள்ளிவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும், மற்றொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். இரண்டும் ஒட்டியிருப்பவை, இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. உப்புக்காற்றில் பூத்த வெள்ளையும் பச்சையுமான பொருக்கு அந்த இடுக்கில் 2 வோல்ட்வரை தின்பதைப் பார்த்திருக்கிறேன். எதிர்முனைக் கேபிளை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். அமிலம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அருகே பீடியும் கூடாது, ஸ்பானர் இரு முனைகளையும் சேர்த்துத் தொடவும் கூடாது.

சிரட்டையில் வைத்த துத்தநாகத்தை மறுநாள் எடுத்துப் பாருங்கள். பளபளப்பு போய், வெள்ளை படிந்து, ஓரம் அரித்திருக்கும். படகின் அடியில் வெண்கல விசிறிக்கும் இரும்புக்கும் அருகே பொருத்திய கட்டி கரைவதும் இப்படித்தான். அங்கே கடலே சிரட்டை. துத்தநாகம் எலக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் இரும்பு தன்னுடையதைக் கொடுக்காமல் தப்பிக்கிறது. கட்டி பாதியாகக் கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தபோது பிள்ளை எனக்கு முன்பே எழுந்து வந்திருந்தாள். வரிசையாக இருந்த பேட்டரிகளின் மேல் சுண்ணக்கட்டியால் இரண்டு இரண்டு கட்டங்கள் போட்டிருந்தாள். முதல் கட்டத்தில் சும்மா இருக்கும்போது உள்ள வோல்ட்டை எழுதி முடித்துவிட்டாள். இரண்டாவது கட்டம் எல்லாவற்றிலும் காலியாக இருந்தது. “மாமா, செல்ஃப் அடிக்க யாரையாவது கூப்பிடுங்கள்” என்றாள்.